கொசுறு

செவ்வாய், காலை பத்து நாற்பது, மழை.
வேல்ஸ் மலையடியில் ஒரு கடைத்தெரு,
இட்வல் ப்ரோதெரோவின் கறிக்கடை.
கண்ணாடிக்குப் பின்னால் சாய்த்து நட்ட பலகை:
"நம் மலைச் செம்மறி. இன்று கொத்தியது."

அறுநூறு கிராம் கேட்டேன்.
நிறுத்தார். முள் சரியாக நின்ற பிறகு
விரலால் இன்னும் கொஞ்சம் அள்ளி மேலே வைத்தார்.
மாதிரி என்றாலும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.
சில்லறை என் கைக்கு வந்த பின்புதான்
அட்டையைக் காட்டினேன்.

அந்த நொடி எனக்குப் பிடிக்காது.
இருபத்திரண்டு வருடமாகப் பிடிக்காது.
குடையை வாசலில் உதறிவிட்டு வந்த ஒருத்தி
கவுன்சிலாக மாறும் நொடி.

அவர் பலகை மேலேயே கலந்து, பிரித்து, மூன்று பை.
ஒன்று ஆய்வகத்துக்கு.
ஒன்று, வழக்கு முற்றினால் நடுவருக்கு.
ஒன்று உங்களுக்கு, மிஸ்டர் ப்ரோதெரோ,
நீங்கள் நம்பும் இடத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

முத்திரையைப் பல்லால் கிழித்தார்.
தேநீருக்கு வைத்திருந்த அடுப்பில் வாணலி,
உப்பு, வேறொன்றும் இல்லை.
கொழுப்பு உருகிய வாசனைக்கு
ரொட்டிக் கடையிலிருந்து திருமதி பேனன் எட்டிப் பார்த்து
"இலவசமா?" என்றாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
நின்றபடியே, முள்கரண்டியால்,
என் பக்கம் திரும்பாமல்
தன் பங்கு முழுவதையும் தின்று முடித்தார்.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதினேன்:
"10.58. வியாபாரி தன் பங்கை உண்டார்."

மூன்று வாரம் கழித்து வந்தது அறிக்கை.
மாடு. பெரும்பாலும் மாடு.
செம்மறி, பேருக்கு.

"யாராவது செத்தார்களா?" போனில் கேட்டார்.
இல்லை.
"வாந்தி? வயிற்றுப்போக்கு?"
இல்லை. மாட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை,
நல்ல மாடு. பலகைதான்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
போன மார்ச்சில் சந்தையில்
எலினெட் பியூ பதினான்கு ஆடுகளை இறக்கி
விலை படியாமல்
பதினான்கையும் திரும்ப வண்டியில் ஏற்றினாள்.
ஏற மறுத்த ஒன்றை நானும் பிடித்துத் தள்ளினேன்.
கம்பளி ஈரமாக இருந்தது.

இந்த வருடம் மாவட்டம் முழுவதற்கும்
பத்தொன்பது மாதிரிக்குத்தான் பணம்.
அதில் ஒன்றை ஏன் அந்தக் கடையில் செலவழித்தேன் என்று
மேலதிகாரி கேட்டபோது
"தகவல் வந்தது" என்றேன்.
ஈரக் கம்பளியும் தகவல்தான்.

நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.
நாலு நிமிடம். அபராதம், செலவுத்தொகை.
வெளியே வந்து, என் காருக்கு வழிவிட்டுத்
தன் வேனைப் பின்னால் எடுத்தார்.

நடுவர் பங்கு யாருக்கும் தேவைப்படவில்லை.
பதினோரு மாதம் உறைபெட்டியில் கிடந்தது,
பையின் உள்பக்கம் பனி முளைத்து.
இன்று அழிப்புச் சீட்டில் கையெழுத்து.
முத்திரை: கலையவில்லை.
எடை: இருநூற்று ஏழு கிராம்.

இருநூறு நான் வாங்கியது.
ஏழு,
நான் யாரென்று தெரியாதபோது
அவர் விரலால் அள்ளி வைத்தது.