எண்பதில் ஒரு முனகல்

எண்பதைத் தொட்டால் கார் முனகும்.
எஸ்கோ ரேடியோவைக் கூட்டுவான்.
"இடது பின்சக்கரம். ஒரு பேரிங் போதும்" என்றான்.
ஐலா ஜோடியாக வாங்கி வந்தாள்.

சாலை உப்பு தின்ற நட்டு.
குழாய் செருகி, அதன்மேல் ஏறி நின்று,
மாமியாரைப் பற்றி அவள் ஏதோ சொன்ன பிறகுதான்
இளகியது.

புது பேரிங் இரவெல்லாம் பனியில்.
கழற்றிய டிரம் சவுனா அடுப்பின் கற்கள்மேல்.
குளிர்ந்தது சுருங்க, சுட்டது விரிய,
சுத்தியலைக் கேட்காமல்
உள்ளே போய் உட்கார்ந்தது
வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி.

கயானி சாலை. அறுபது. எழுபது.
எஸ்கோ சிரிக்கத் தொடங்கினான்.
எண்பது.

அவன் கை ரேடியோவுக்குப் போனது.
அதை எடுத்து கியர்மேல் வைத்தாள்.
"வண்டியைத் திருப்பு.
அடுப்பு இன்னும் ஆறியிருக்காது."