இரட்டைக் கோடு

சீட்டு எடுத்த காசில் பூட்டான் போனோம்
நானும் நாத்தனார் தேஜம்மாவும்.
ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
பதினெட்டு வருஷமாய்க் கணக்கு எழுதுகிறவளுக்கு
பனிமலை எதற்கு என்று கேட்டவர்களிடம்
மூட்டுவலிக்கு நல்லதாம் என்றேன்.
வாயை மூடிக்கொண்டார்கள்.

பாரோ பள்ளத்தாக்கில்
கூரை கூரையாக மிளகாய் காய்ந்தது.
கிலோ என்ன விலை என்று
விமானக் களைப்பிலேயே ஆரம்பித்தாள் தேஜம்மா.
வழிகாட்டி கின்லேவுக்குத் தெரியவில்லை.
முழங்கால்வரை கறுப்புக் காலுறை போட்ட பையன்,
பக்கத்து வீட்டில் ஓடிப்போய்க் கேட்டு வந்தான்.

மரப்பாலம் தாண்டினால் கோட்டை.
லோடு சரியாதபடி மூட்டை அடுக்குவோமே,
அப்படி உள்பக்கமாய்ச் சாய்ந்து ஏறிய வெள்ளைச் சுவர்.
பாதி மடம், பாதி சர்க்கார் ஆபீஸ்.
ஒரு வாசலில் மந்திரம்,
அடுத்த வாசலில் மனுவோடு வரிசை.
"நம்ம தாலுகா ஆபீஸுக்கும்
சாமி கும்பிட்டுட்டுத்தானே போறோம்" என்றாள்
உருளையை வலப்பக்கமாய்ச் சுற்றிக்கொண்டே.

உள்ளே புத்தர் பொன்னாய் உட்கார்ந்திருந்தார்.
வெண்ணெய் விளக்கின் வாடை.
மன்னிக்கணும்,
அவர் முகத்தைவிட
மூலையில் குனிந்திருந்த பிக்குவைத்தான்
அதிக நேரம் பார்த்தேன்.
மடியில் நீளமான பேரேடு.
எழுத்து ஒன்றும் விளங்கவில்லை.
ஆனால் அடித்துத் திருத்திய இடம் தெரிந்தது,
முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகை தெரிந்தது,
அடியில்
அளவுகோல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு தெரிந்தது.
நிமிர்ந்தார்.
அவர் விரலில் மைக்கறை. என் விரலிலும்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.
வேலை நேரம்.

மறுநாள் புலிக்கூட்டுக்கு ஏறினோம்.
பாதிவரை தேஜம்மா குதிரையில்,
குதிரைக்காக வருத்தப்பட்டபடி.
பாறையில் தொங்கிய கோயிலையும் மேகத்தையும்
எல்லாரும்தான் சொல்கிறார்கள், நான் எதற்கு.
இறங்கும்போது கின்லே கேட்டான்:
உங்கள் ஊரில் கோட்டை உண்டா?
பெயரிலேயே இருக்கிறதே என்றேன்.
ஏறியிருக்கிறீர்களா?
தினமும் பார்ப்பேன் என்றேன்.
அதில் இப்போது யார் இருக்கிறார்கள்?
எனக்குத் தெரிந்த இந்தி அங்கே முடிந்தது.
தமிழில் கேட்டிருந்தாலும் அங்கேதான் முடிந்திருக்கும்.

தை மாதம், லோடு குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை
தேஜம்மாவை இழுத்துக்கொண்டு ஏறினேன்.
"டிக்கெட் எவ்வளவு?"
"இல்லை."
"அதான் இத்தனை வருஷம் வரலை."
வாசல் வளைவில் பெயின்டில் யாரோ
மஞ்சு என்று எழுதி, பிறகு
அதே பெயின்டில் அடித்திருந்தார்கள்.
ஆடுகள் மூன்று. பாட்டில் சில்லு.
எங்களைக் கண்டதும்
சுவருக்குப் பின்னால் எழுந்துபோன ஒரு சோடிச் செருப்புச் சத்தம்.
கூரையில்லாத ஒரு கட்டடத்தை
எதற்கும் இருக்கட்டுமென்று
வலப்பக்கமாகவே சுற்றினோம்.

உச்சியில் பாறைக் குழியில் தண்ணீர் இருந்தது.
மழை நின்று ஒரு மாதத்துக்கு மேலாகியும் இருந்தது.
கீழே ரயில் ஒன்று
தர்மபுரிப் பக்கம் வளைந்துகொண்டிருந்தது.
மலை, நடுவில் பள்ளம், மறுபடி மலை.
பள்ளத்தாக்கு என்று இதை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
மண்டியின் தகரக் கூரை, அதன் வாசலில் சிவப்பாய்க் கிரேடுகள்,
அங்கிருந்து பார்த்தால் காயப்போட்ட மிளகாய்.
அந்தக் கூரைக்கடியில் என் நாற்காலி,
எதிரே ஜன்னல்,
ஜன்னல் நிறைய இந்த மலை.
பதினெட்டு வருஷம் முதுகைக் காட்டியா உட்கார்ந்தேன்?
இல்லையே.

கின்லேவுக்குப் படம் அனுப்பினேன்.
மேலே சிக்னல் நன்றாக எடுக்கிறது.
யார் இருக்கிறார்கள் என்று
மறுபடி கேட்டு அனுப்பினான், மறக்காமல்.
இன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் என்று போட்டு,
யோசித்து,
மூன்று ஆடு என்று சேர்த்தேன்.
கணக்கு என்றால் கணக்கு.

அதற்குள் மண்டியிலிருந்து போன்.
சாயங்கால ஏலத்தில் கிரேடு தொண்ணூறுக்கு இறங்கிவிட்டதாம்.
"மெதுவா எறங்கு" என்றாள் தேஜம்மா,
"இங்க குதிரை இல்லை."