மூன்று-ஏ

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி இல்லை.
மின்தூக்கிப் பொத்தான்களில்
மூன்றுக்கு மேலே மூன்று-ஏ,
அதற்கு மேலே ஐந்து.
சீனத்தில் நான்கு சாவைப் போல ஒலிக்கும் என்று
கட்டியவர் அஞ்சியிருக்கிறார்.
இல்லாத அந்த மாடியில்தான்
எங்கள் கணக்கியல் துறை.
ஜன்னலைத் திறந்தால் பினாங்குப் பாலம்,
மழை நாளில் அதுவும் இல்லை.

துறைத்தலைவர் அறைக்கு நான் வந்து எட்டு மாதம்.
கதவில் இன்னும் டாக்டர் தனபாலசிங்கத்தின்
பெயர்ப்பலகை விட்டுப்போன பசைத் தடம்.
அவர் கத்தியதே இல்லை,
அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.
கால அட்டவணையால் பேசுவார்.
கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டால்
அடுத்த தவணை உனக்கு
வெள்ளி மாலை நான்கிலிருந்து ஆறு.
இரண்டு கேள்வி கேட்டாள் கோகிலவாணி.
மூன்று தவணை வெள்ளி.
பிறையிலிருக்கும் பிள்ளைக் காப்பகம்
ஆறரைக்குப் பூட்டிவிடும்.
பாலத்துக்கு அது தெரியாது.
அவருக்குத் தெரியும்.

ஆண்டு முடிவில் தாள் வரும்:
பணியாளர் மனநிறைவு.
பெயர் எழுத வேண்டாம்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடுக.
ஐந்து என்றால் கேலியா என்பார்கள்,
மூன்று என்றால் யார் என்பார்கள்.
ஏழு வருடம் நானும் நான்குதான் போட்டேன்.
கார் எண்ணில் நான்கு வராமலிருக்க
முந்நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தவள்
பக்கத்து மேசை லிம் சியூ ஃபென்.
அவளும் போட்டாள்
பன்னிரண்டு கேள்விக்குப் பன்னிரண்டு நான்கு.

நான் பொறுப்பேற்ற வாரம்
அந்த வரைபடத்தைக் கையில் தந்து
பாகுஸ் என்றார் டீன்.
புள்ளியியல் சொல்லித் தருகிறவள் நான்.
விலக்கம் சுழியம் என்றால்
அங்கே ஆட்களே இல்லை,
அல்லது இருப்பவர்கள்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து ஃபெரிங்கி விடுதியில்
மூன்று நாள் தலைமைப் பயிற்சி.
மஞ்சள் தாளில் தொலைநோக்கு எழுதிச்
சுவரில் ஒட்டச் சொன்னார்கள்.
கடற்காற்றில் என்னுடையது விழுந்தது.
தேநீர் சிந்தியபோது
அதை வைத்துத்தான் துடைத்தேன்.

திரும்பி வந்து செய்தது இவ்வளவே:
அடுத்த தவணை அட்டவணையைப் பென்சிலில் போட்டு
சாப்பாட்டு மேசையில் வைத்தேன்,
பக்கத்தில் ஓர் அழிப்பான்.
இரண்டு நாள் யாரும் தொடவில்லை.
மூன்றாம் நாள் ஓரத்தில் கோப்பிக் கறை.
அடுத்த நாள் ஜைலானி
வெள்ளி மதியம் இரண்டரையை அழித்து
மூன்றேகால் என்றெழுதினார்.
தொழுகை முடிந்து வரவேண்டும் என்று
ஆறு வருடமாக அவர் சொன்னதில்லை.
நாங்களும் கேட்டதில்லை.
அன்று மாலைக்குள்
யாரோ கோகிலவாணியைத் தூக்கிப்
புதன் காலைக்கு மாற்றியிருந்தார்கள்.
காலியான வெள்ளிக் கட்டத்தில்
என் பெயர்.
என் கையெழுத்தல்ல.

அழிப்பானை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இந்த ஆண்டுத் தாள்கள் நேற்று வந்தன.
பத்துப் பேர். ஏழாம் கேள்வி:
துறைத்தலைவர் நான் சொல்வதைக் கேட்கிறார்.
ஒன்பது நான்கு,
ஒரு இரண்டு.
அழுத்திப் போட்ட வட்டம்,
பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது.

மகிழ்ந்தேன் என்று சொன்னால் பொய்.
முதலில் சுட்டது.
பிறகு வெட்கம் கெட்ட வேலையாக
யாருடைய நீல மை இது என்று
மேசை மேசையாக மனதில் நடந்தேன்,
பாதி வழியில்
தனபாலசிங்கத்தின் செருப்பொலி
என் காலிலிருந்தே கேட்டது.
தாள்களைக் கலைத்து அடுக்கினேன்.
பத்துப் பேரில் ஒருவராவது
மூச்சை விட்டுவிட்டார்.

சராசரி மூன்று புள்ளி எட்டு.
ஏன் இந்தச் சரிவு என்று டீன் அழைத்தார்,
இப்போதே மேலே வரமுடியுமா?
திங்கள் வருகிறேன் என்றேன்.
இன்று வெள்ளி,
நான்கு மணிக்கு எனக்கு வகுப்பு.