உறுப்பினர் எண் நாற்பத்தொன்று

வருடத்துக்கு இருபத்தைந்து ரியால்.
சோஹாரில் அது
தொட்டி நிறையப் பெட்ரோல் போக நாலு ரியால் மிச்சம்.
ஊரில் அது
தம்பி கேட்டுக்கொண்டே இருக்கும் மூக்குக்கண்ணாடி.

சங்கத்துப் பொருளாளர் கல்ஃபான் கொடுத்த தாளை
நைட் டியூட்டியில்
மூன்றாம் படுக்கைக்குச் சலைன் இறங்கும் நேரத்தில்
விரித்துவைத்துக் கணக்குப் போட்டேன்.

ஆயில் மாற்றினால் நூற்றுக்குப் பத்து கழிவு:
மூன்று தடவைக்கு நாலரை ரியால்.
டயருக்கும் கழிவு உண்டு,
நான் போன மாதம்தான் டயர் மாற்றினேன்.
மணலில் புதைந்தால் இலவசமாக இழுத்துவிடுவார்கள்.
நான் மணல் பக்கமே போவதில்லை.
ஆஸ்பத்திரி, காய்கறிச் சந்தை, மாதா கோயில், ஆஸ்பத்திரி.
பஜேரோவின் நாலு சக்கரத்தில்
இரண்டுக்கு மட்டும் வேலை கொடுக்கிறவள் நான்.
ஒரு டீ-சர்ட், எக்ஸெல் அளவு மட்டும்.
ஒரு ஸ்டிக்கர். பின்கண்ணாடியில் ஏற்கெனவே ஒன்று
வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது.
ஆண்டு விழாவில் ஆட்டுக்கறியும் சோறும்.
அன்றைக்குப் பார்த்து எனக்கு டியூட்டி விழும்.

கூட்டினால் ஒன்பது ரியால்கூடத் தேறவில்லை.
ரெசிடென்ட் கார்டைப் பார்த்தால்
இன்னும் ஏழு மாதம்.
அதற்குமேல் நிர்வாகம் நினைத்தால் உண்டு.

"அந்தக் காசைச் சீட்டில் போடுடி,
தள்ளி எடுத்தாலும் கைக்கு வரும்"
என்றாள் சலேத் மேரி.
அவள் சொன்னது சரி. இப்போதும் சரி.

ஏழு மாதத்துக்கு மட்டும் கட்டலாமா என்று கேட்டேன்.
கல்ஃபான் சிரித்தார்,
பொருளாளர்கள் சிரிக்கிற மாதிரி, பல் தெரியாமல்.
"உன் வண்டி பழைய உறுப்பினர், சிஸ்டர்.
எண் நாற்பத்தொன்று.
சந்தா வண்டிக்குத்தான்.
ஆள் மாறினால் பெயரை மாற்றி எழுதுவோம்.
ரோடெல் கட்டியது இந்த மாதத்தோடு முடிகிறது."

ஓ.
அதுவா.

ரவுண்டபவுட்டில் முன்பின் தெரியாதவர்கள்
இரண்டுமுறை லைட்டைச் சிமிட்டிப் போவார்கள்.
முதலில் பயந்தேன்,
கதவு சரியாக மூடவில்லையோ,
முன்னால் போலீஸ் நிற்கிறதோ என்று.
பிறகு பல்லைக் கடித்தேன்,
ஒரு பொம்பளை தனியாக ஓட்டினால் இவன்களுக்கு என்ன என்று.
இரண்டும் இல்லை.
ரோடெலுக்கு வணக்கம் வைத்திருக்கிறார்கள்.

ரோடெல், டயாலிசிஸ் டெக்னீஷியன்.
ஒப்பந்தம் முடிந்த வாரம்
ஆயிரத்து நூறு ரியாலுக்கு வண்டியைத் தந்துவிட்டு
பானெட்டில் ஒரு தட்டு தட்டிப் போனான்.
டேஷ்போர்டில் அவன் ஒட்டிய குழந்தை இயேசு
இன்னும் கை உயர்த்தி நிற்கிறார்.
அவனுக்கு முன்னால் யாரென்று தெரியாது.
பின்சீட்டு இடுக்கில்
பச்சைச் சாக்பீஸ் துண்டு ஒன்று கிடைத்தது.

இங்கே என் கட்டில் ஆஸ்பத்திரியுடையது.
தலையணையும் அதன் உறையும் ஆஸ்பத்திரியுடையது.
என் பாஸ்போர்ட்டை
எச்.ஆர். அலமாரி மூன்று வருடம் அணைத்து வைத்திருந்தது.
முல்கியா அட்டையில் மட்டும்
உரிமையாளர் என்ற சொல்லுக்கு எதிரில் என் பெயர்.
அதுவும் அரபியில் பிசகி,
தங்கமலர் தன்கமாலார் ஆகியிருக்கிறாள்.
யாரவள் என்று எனக்கே தெரியாது.
இந்த வெள்ளை யானை அவளுடையது.

இருபது நோட்டு ஒன்று, ஐந்து நோட்டு ஒன்று.
கல்ஃபான் நாக்கில் விரல் தொட்டு
இரண்டே நோட்டை இரண்டுமுறை எண்ணினார்.
ரசீதில் தன்கமாலார் என்றே எழுதினார்.
நான் திருத்தவில்லை.

ஏழு மாதம் ஓட்டுவேன்.
மிச்சம் ஐந்து மாதம்
எனக்கு அடுத்து வாங்கும் ஆளுக்கு.
ரவுண்டபவுட்டில் யாரோ சிமிட்டுவார்கள்.
அந்த ஆளும் ஒரு வாரம்
கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்க்கட்டும்.

டீ-சர்ட் முழங்கால்வரை வருகிறது.
தூங்கப் போட்டுக்கொள்ளலாம்.