கழித்தது போக

பாடாங் செராயில்
ஊர்ப் பெயரிலேயே ஒரு திடல் இருக்கிறது.
சனிக்கிழமை அது தண்ணீருக்கடியில் இருந்தது.
கோல் கம்பத்தைச் சுற்றி
கொக்கு ஒன்று நடந்து பார்த்தது.

முப்பது மீட்டர் ஓட்டம் இல்லை,
கூம்புகளுக்கிடையே வளைந்து ஓடுவதும் இல்லை
என்றார் பயிற்றுநர் அஸ்மான்.
ஓட இடமில்லையென்றால் குதிக்கட்டும்.
நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எழும்புகிறாளோ
அவ்வளவு வெடிப்பு அவள் தொடையில்.
பந்துக்கு முதலில் பாய்கிறவள் யாரென்று
சுவரே சொல்லிவிடும்.

தமிழ்ப்பள்ளிக் கேன்டீன் சுவர்.
நாசி லெமாக் விலைப் பலகையைக் கழற்றிவிட்டு
அளவு நாடாவை ஒட்டினோம்.
மாவட்டப் பெண்கள் கால்பந்துக் குழு,
இருபத்து மூன்று பேர், பதினாறு இடம்.
நாற்பத்தாறுக்குக் கீழே என்றால்
வீட்டுக்குப் போகலாம்.

நான் எழுதுகிறவள்.
வார நாட்களில் செம்பனை ஆலையின் எடை மேடையில்.
லாரி குலையோடு ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய் ஏறும், எழுதுவேன்.
கழித்தது போகத்தான் காசு.
இங்கேயும் அதே கணக்கு.
விரல் நுனியில் சாக்பீஸ் மாவு,
நின்றபடி கையை உயர்த்து, ஒரு தடம்.
பிறகு குதி, மேலே ஒரு தடம்.
இரண்டுக்கும் நடுவில் உள்ளது மட்டும் உன்னுடையது.
உயரமாய்ப் பிறந்தது சேராது.

என் காது வரைக்கும்கூட வராத மிர்த்திகா
ஐம்பத்திரண்டு எழும்பினாள்.
கூரையைத் தொடுவாள் என்று பார்த்த கோல்கீப்பர்
முப்பத்தெட்டோடு இறங்கி,
சிரித்துக்கொண்டே போய் மீ கோரேங் வாங்கினாள்.

கிஷாலினி வந்தாள்.
கையை உயர்த்தினாள்.
கை உயர்ந்தது. தோள் உயரவில்லை.

இதை எனக்குப் பதினொரு வருஷமாய்த் தெரியும்.
குலையோடு வரும்போது
உதவியாள் லாரிக்குள் உட்கார்ந்திருப்பான்,
வெறுமையாய்ப் போகும்போது
டீக்கடையில் இருப்பான்.
அறுபது கிலோ எங்கிருந்தோ பழுத்துவிடும்.

குதித்தாள். நாற்பத்தொன்பது.
"தோளை விடும்மா. கையை மறுபடி வை."
கோபப்படவில்லை.
டிரைவர்கள் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்களே,
அப்படிப் பார்த்தாள்.
தோளை விட்டாள்.
கை நான்கு சென்டிமீட்டர் வளர்ந்தது.
நாற்பத்தைந்து.

அஸ்மான் பக்கத்தில் வந்து நின்றார்.
தடத்தின் மேல் விளிம்பா, கீழ் விளிம்பா,
எதைப் படிக்கிறீர்கள் என்று
மெதுவாய்க் கேட்டார்.

விரல் வைத்த இடம் கோடு அல்ல.
அது ஒரு வெள்ளை அழுக்கு,
சறுக்கி, இழுபட்டு, இரண்டு சென்டிமீட்டர் உயரம்.
முதலில் வந்தவளுக்கு எந்த விளிம்பு?
மிர்த்திகாவுக்கு?
திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.
கைக்கு மேல் கை, விரலுக்கு மேல் விரல்.
யார் எதுவரை எழும்பினாள் என்று
இனி யாராலும் பிரிக்க முடியாது.

மற்றவர்களுக்கெல்லாம் பேனா.
அவளுக்கு மட்டும் பென்சிலில் எழுதினேன்,
நாற்பத்தைந்து.
அஸ்மான் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.
பட்டியல் வியாழக்கிழமை.

வெளியே லூனாஸ் பஸ் நகரத் தொடங்கியிருந்தது.
பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
கிஷாலினி மழையில் இறங்கினாள்.
குட்டைக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம்,
குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளுக்கு நின்று,
நின்றதே தெரியாமல் கிளம்பி,
படியில் கால் வைத்துவிட்டாள்.

எட்டிப் பார்த்ததில் சாரல் தாளை நனைத்தது.
பேனா எண்கள் நீலமாய்க் கசிந்தன.
பென்சில் அசையவில்லை.

திங்கள் காலை
மறந்துவிட்ட அளவு நாடாவை எடுக்கப் போனேன்.
கேன்டீன் அம்பிகா ஈரத்துணியோடு
சுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
கைக்கு எட்டிய வரைக்கும் துடைத்தாள்.
நுனிக்காலில் நின்று இன்னும் கொஞ்சம்.
பிறகு பலகையை மாட்டிவிட்டுத்
தேத்தண்ணி ஆற்றப் போய்விட்டாள்.

மேலே உள்ளவை அப்படியே இருக்கின்றன.
அதில் கிஷாலினியுடையது எது என்று
கேட்காதீர்கள்.