ஏழு கிணறும் ஒரு சூடும்

நிலாவெளிப் பக்கம், உப்பளத்துக்குப் பின்னால்
சிற்றலை நிலையத்தில் பதினோரு வருடம்
இரவு வேலை எனக்கு.
நாங்கள் ஏவும் குரல்
இருநூற்றைம்பது கிலோமீற்றர் உயரத்தில் எதிலோ முட்டி
வேறு நாட்டுக் கூரைகளில் விழும்.
அந்த எதிலோவுக்குப் பெயர் பிளாஸ்மா.
ஆகவே, ஹம்சியா,
காணாததை நம்புகிறாய் என்று மட்டும் சொல்லாதே.
இரவிரவாக அதன் வயிற்றில் பந்தெறிந்தவள் நான்.

கிண்ணியாவில் பௌதிகவியல் படிப்பிக்கும் நீ
சனிக்கிழமைகளில் பாலம் கடந்து வருவாய்
ஒரு பை வெள்ளரிக்காயும்
ஒரு பெருவெடிப்பும் கொண்டு.

உன் வானத்துக்குப் பிறந்த திகதி உண்டு:
ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி ஆண்டின் முன்.
அன்று தொட்டு விரிகிறது, ஆறுகிறது.
ஈர்ப்பு என்ற ஒற்றைக் கை எல்லாவற்றையும் திரட்டுகிறது.
கை எட்டாத இடத்தில்
கரும்பொருள் என்று எழுதிக்கொள்கிறாய்
கடைக் கொப்பியில் கடன் எழுதுவதுபோல.

என் வானத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை.
சுனாமியில் தொலைந்ததல்ல,
எடுக்கவேயில்லை.
முடிவில்லாத அதன் வெளியில் மின்னோட்டம் ஓடுகிறது,
முறுக்கிய வடங்களாய்.
காந்தம் இழுக்க, வடங்கள் நெருங்க,
நெருங்கிய இடத்தில் ஒரு பால்வீதி சுழலத் தொடங்கும்.
கடன் இல்லாத கடை, என்றேன்.
"கணக்கும் இல்லாத கடை" என்றாய்.

பிறகு உள்துறைமுகத்தைக் காட்டினாய்.
"அடியில் பள்ளத்தாக்கு இருக்கு. பார்த்தனியா?
எதிரொலிதானே சொன்னது.
அதை நம்பித்தான் இவ்வளவு பெரிய கப்பல் உள்ளே வருது."
நான் கப்பலைப் பார்த்தேன்.
உன்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சனி கன்னியா.
டிக்கெற் கிழித்து, வாளி வாங்கி,
முதல் கிணறு தோளைச் சுட்டது,
அடுத்தது வெதுவெதுப்பு,
மூன்றாவதில் நான் கத்தியதற்கு
ஒரு பஸ் நிறைய ஆட்கள் திரும்பினார்கள்.
ஈரத் தலையோடு நீ சொன்னாய்:
"பத்தடிக்குள்ள ஏழு சூடு.
உன்ர வடங்கள்தான் வானத்தைக் காய்ச்சினதெண்டால்
அதுவும் இப்படித்தான் இருக்கோணும்.
ஆனால் எந்தத் திசையில அளந்தாலும்
இரண்டே முக்கால் கெல்வின்.
லட்சத்தில ஒண்டுதான் பிசகு."

வாளி கையிலேயே இருந்தது.
நான் ஒருநாளும் கேட்காத அலை அது.
என் குரலைத் திருப்பி அனுப்பிய அதே பிளாஸ்மா
அந்தப் பழைய வெளிச்சத்தை மட்டும்
மறிக்காமல் உள்ளே விட்டிருக்கிறது,
பதினோரு வருடமும்,
என் தலைக்கு மேலால்.

நீ ஆறுதலும் சொன்னாய்:
உன் கதையிலும் முதல் மூன்று லட்சத்து எண்பதாயிரம் ஆண்டு
வானம் முழுக்கப் பிளாஸ்மாதானாம்.
அது விலகியபோது புறப்பட்ட வெளிச்சம்தானாம் இது.
ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.
சூட்டை விட்டுக்கொடுத்தேன்.
திகதியை இன்னும் இல்லை.

பஸ் நிலையத்தில் புள்ளிமான் ஒன்று
நாங்கள் வாதாடி முடிப்பதற்குள்
வெள்ளரிக்காய் முழுவதையும் தின்றுவிட்டு
பையையும் மணந்து பார்த்தது.