பேனரில் இருந்தவர்

பதினோராம் நாள் சாயங்காலம்
தண்டையார்பேட்டை மண்டல ஆபீஸ் எதிரே
சங்கத்து எபினேசர் ஒரு பேனரைக் கட்டினான்.
மீசை வைத்த கறுப்பு முகம். கோட்டு, டை.
"யாருப்பா இது,
நம்ம பழைய மேஸ்திரி மாதிரியே கீறாரு?"
கஸ்தூரி கேட்டாள்.
பதினோரு நாளில்
அன்றுதான் சிரித்தோம்.

பேரு கிங் என்றான்.
ராஜால்லாம் இல்லையாம், வீட்டுப் பேராம்.
அப்பா பாதிரியார், இவரும் பாதிரியாராம்.
பஸ்ஸில் உட்கார, ஓட்டுப் போட,
ஓட்டலில் ஒரு வாய் தின்ன,
எல்லாத்துக்கும் நடந்தாராம்.
நடப்பது எங்களுக்கென்ன புதுசு?
மூலக்கொத்தளத்திலிருந்து மின்ட் வரைக்கும்
தினம் வண்டி தள்ளுகிறோம்.
நான் கொட்டாவி விட்டேன்.

அப்புறம்தான் மழையைச் சொன்னான்.

மெம்பிஸ் என்று ஓர் ஊர்.
குப்பை அள்ளுகிற ரெண்டு பேர்.
எந்த வாசலிலும் ஒதுங்க விடாத தெரு.
லாரியின் பின்வயிற்றுக்குள் ஏறி
குந்திக்கொண்டார்கள்.
மிஷின் தானாக ஓடிற்று.

போன ஐப்பசி. எம்.சி. ரோடு.
"கேட்டாண்ட நிக்காதீங்க, நாத்தம்"
என்றது ஒரு கிரில் கதவு.
நானும் தேசராணியும் கம்பேக்டருக்குள் ஏறினோம்.
டிரைவர் சம்பந்தம்
சாவியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு
மழையிலேயே நின்றான்,
சாவி எங்கள் கண்ணில் படுகிற மாதிரி
கையை நீட்டியபடி.
அவன் ஏன் அப்படி நின்றான் என்று
எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய வேலைகள் இருந்தனவாம் அவருக்கு.
கூட இருந்தவர்களே வேண்டாம் என்றார்களாம்.
குப்பைக்காரர்கள் ஸ்டிரைக்குக்குப் போனார்.
அந்த ஊரிலேயே, ஒரு லாட்ஜ் மாடியில்,
சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே
சுட்டுவிட்டார்கள்.
முப்பத்தொன்பது வயசு.
கஸ்தூரி
தன் விரல்களை மடக்கி மடக்கி
ஏதோ கணக்குப் பார்த்தாள்.

செத்த பன்னிரண்டாம் நாள்
அந்த ஊர் நிர்வாகம் இறங்கி வந்ததாம்.
நாளைக்கு எங்களுக்குப் பன்னிரண்டு.
ரெண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை.
ஒரு ஆள் செத்துத்தான்
சம்பளம் ஏறணுமா என்று மட்டும்
எபினேசரைக் கேட்டேன்.
அவன் மைக் செட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ராத்திரி மழை பிடித்தது.
ஆபீஸ் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.
பேனரை அவிழ்த்து
நாலு மூலையையும் தலைக்கு மேலே பிடித்தோம்.
ஒன்பது பேர் அடியில்.
மீசைப் பக்கம் ஒழுகிற்று.
இருட்டில் கஸ்தூரி குரல்:
"கொஞ்சம் நவுருங்க ராஜா,
எடம் பத்தல."